அவசரவாயில் அருகே அமர்வோர் இலக்கணம்

நகைச்சுவை நாடகமேடையிலும் கதைநூல்களிலும் மாத்திரம் உறைவதன்று. சட்டப் புத்தகங்களிலும் அஃது ஒளிந்திருக்கின்றது. சட்டம் இயற்றுவோர் பிறரைச் சிரிப்பிக்க வேண்டுமென்று ஒரு சொல்லையேனும் எழுதுவதில்லை. வரக்கூடிய தீங்குகள் அனைத்தையும் முன்னரே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைத்து, எவ்வகை ஐயத்துக்கும் இடமில்லாதவாறு எழுதி முடிக்கின்றனர். அவ்வாறு ஐயமின்றி எழுதப்பட்டது மனிதர் முன்னிலையில் வந்து நிற்கும்போதுதான் சிரிப்பு பிறக்கின்றது. அத்தகைய விதிகளுள் ஒன்றாகிய, ஆகாயவிமானத்தின் அவசரவாயில் வரிசையில் அமரும் பிரயாணிகளுக்குரிய விதியை இங்கு ஆராய்வோம். சிரிப்பதற்கு அதில் நிறைய உண்டு. சிரித்து முடிந்தபின் சிந்திப்பதற்கு அதனினும் மிகுதியாக உண்டு.

குளமும் வயலும் சூழ்ந்த அக்கராயனுக்கும் ஆகாயவிமானத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவும் அன்பர்கள் இருக்கக்கூடும். எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அக்காலத்தில் விமானப் பிரயாணம் வசதி படைத்த சிலருக்கே கிட்டிய பேறு. இன்றோ, அக்கராயனில் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிசிலோ உறவினர் ஒருவரேனும் இல்லாத வீட்டைத் தேடிக் காண்டல் அரிது. பலாலி விமானநிலையம் 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவெம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றினால் 2020இல் நின்றுபோன அச்சேவை 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. ஆகவே, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு வடக்கே திரும்பும் ஒருவர், அன்றைய பொழுது சாய்வதற்குள் அவசரவாயில் அருகே அமர்ந்திருத்தலும் கூடும். அவருக்கு இவ்விலக்கணம் தெரிந்திருத்தல் நன்று.

முதலில் அவ்வரிசை யாது என்பதைக் கூறுவோம். விமானத்தில் நாம் ஏறும் கதவுகளின் பக்கத்தில் விமானப் பணியாளர் அமர்ந்திருப்பர். ஆபத்து வேளையில் அக்கதவுகளைத் திறப்பது அவர் கடமை. ஆனால், நடுத்தர அளவுள்ள பல விமானங்களில் இறக்கைகளின் மேலாக, யன்னல் போன்ற தோற்றமுடைய சிறு வாயில்களும் உள. அவற்றின் பக்கத்தில் பணியாளருக்கு ஆசனம் இல்லை. பிரயாணிகளே அங்கு அமர்கின்றனர். எனவே ஆபத்து நேர்ந்தால் அவ்வாயிலைத் திறக்க வேண்டியவர், அன்று காலையில் தற்செயலாக அவ்வாசனத்தைப் பெற்ற ஒரு பிரயாணியேயாவார். சென்னை–யாழ்ப்பாணப் பாதையில் பறந்துவரும் ஏ.ரி.ஆர். 72 என்னும் விசிறி விமானத்தில், பின்கதவால் ஏறி முன்னோக்கி நடந்து செல்கின்றோம். அதன் அவசரவாயில்களோ பிரயாணிகள் அறையின் முன்பகுதியில் இருபுறமும் அமைந்துள்ளன. ஏறிய வழியே இறங்கும் வழி என்று எண்ணியிருப்பவர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இவ்வரிசையில் அமர்வோர்க்குரிய தகுதிகளை மிக விரிவாக வகுத்தவர் அமெரிக்க நாட்டு விமானப் போக்குவரத்து நிருவாகத்தினர். அவர்களுடைய விமானச் சட்டத்தின் 121ஆம் பகுதியில் 585ஆம் பிரிவாக அவ்விதி 1990ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஏனைய நாடுகளின் விதிகளும் பெரும்பாலும் அதன் போக்கையே தழுவியவை.

நன்னூல் பயின்ற பழைய மாணவர்க்கு இவ்விதியின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. பவணந்தி முனிவர் தம் நூலின் பொதுப்பாயிரத்திலே பாடஞ்சொல்லத் தகுந்த ஆசிரியர் இவர், தகாதவர் இவர், பாடங்கேட்கத் தகுந்த மாணாக்கர் இவர், தகாதவர் இவர் என்று வரிசைப்படுத்தினாரன்றோ? அதுபோலவே அமெரிக்க விதிகாரரும் அவசரவாயில் அருகே அமரத் தகுந்தார், தகாதார் என இருபாலாக வகுக்கின்றனர். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர் தகார். இரு கைகளிலும் இரு கால்களிலும் போதிய வலுவும் அசைவும் இல்லாதவர் தகார். மேலே எட்டவும், பக்கவாட்டில் எட்டவும், கீழே குனிந்து எட்டவும், பற்றவும், தள்ளவும், இழுக்கவும், திருப்பவும் இயலாதவர் தகார். கதவளவு பாரமுள்ள பொருளைத் தூக்கி அடுத்த ஆசனத்தில் வைக்கவோ, ஆசன முதுகுக்கு மேலாக அடுத்த வரிசைக்குக் கடத்தவோ இயலாதவர் தகார். எழுத்தாலோ படத்தாலோ தரப்படும் அறிவுறுத்தலை விளங்கிக்கொள்ளாதவர் தகார். பணியாளரின் வாய்மொழிக் கட்டளையை விளங்காதவரும் தகார். பிறருக்குச் செய்தியை வாயால் எடுத்துரைக்க இயலாதவர் தகார். சிறு குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்புடையவர் தகார். மூக்குக்கண்ணாடி அணியலாம், செவிக்கருவியும் பொருத்தலாம். அதற்கு மேற்பட்ட துணை வேண்டுபவர் வேறிடம் செல்லல் வேண்டும்.

இனி, இவ்விதியின் நகைச்சுவையைக் காண்போம்.

ஒவ்வோர் அவசரவாயில் ஆசனத்திலும் ஓர் அட்டை வைக்கப்பட்டுள்ளது. அதில், இவ்வட்டையை வாசித்து விளங்கும் ஆற்றல் இல்லாதவர் அதனைப் பணியாளரிடம் தெரிவித்து வேறு ஆசனம் பெறுமாறு வேண்டப்படுகின்றது. வாசிக்க இயலாதவன் இதனை எவ்வாறு வாசிப்பான் என்று விதிகாரரிடம் கேட்போர் இல்லை. வகுப்புக்கு வராதவர் கையுயர்த்துக என்று கூறும் ஆசிரியரின் கட்டளையை இது நினைவூட்டுகின்றது. ஆயினும் விதிகாரர் அறிவிலிகள் அல்லர். அட்டையை மாத்திரம் நம்பி அவர்கள் வாளாவிருக்கவில்லை. விமானம் நகர்வதற்கு முன், அவ்வரிசையில் தகாதவர் எவரும் அமர்ந்திருக்கவில்லை என்பதைப் பணியாளர் ஒருவராவது நேரிற் கண்டு உறுதிசெய்தல் வேண்டும் என்பதும் அதே விதியின் பகுதியாகும்.

அங்ஙனம் உறுதிசெய்ய வரும் பணிப்பெண், பல விமானங்களில், ‘ஆம்’ என்று வாயால் கூறும் விடையையே எதிர்பார்க்கின்றாள். தலையாட்டலை ஏற்றுக்கொள்வதில்லை. இதனை விதித்தவர் எவராயினும் நம்மவரை நன்கு அறிந்தவராதல் வேண்டும். நம்மவர் தலையாட்டலில் சம்மதமும் அடங்கும், மறுப்பும் அடங்கும், ‘பார்ப்போம்’ என்பதும் அடங்கும், ‘நீ சொல்வது காதில் விழுந்தது’ என்பதும் அடங்கும். தீப்பற்றிய விமானத்தில் இந்நான்கனுள் எது கருதப்பட்டதென்று ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது.

மூன்றாவது வேடிக்கை பணத்தைப் பற்றியது. உலகில் எத்தொழிலுக்கும் தொழில் செய்பவனுக்கே சம்பளம் கொடுப்பது வழக்கம். இங்கோ வாயிற்காவல் செய்ய வருபவர் தாமே மேலதிகப் பணம் செலுத்தி அவ்வேலையைப் பெறுகின்றார். அவ்வரிசையில் கால் நீட்ட இடம் அதிகமாதலால், பல நிறுவனங்கள் அவ்வாசனங்களுக்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. பணங் கொடுத்தவர் தாம் வசதியை வாங்கியதாகக் கருதுகின்றார். அவர் வாங்கியதோ ஓர் உத்தியோகம்.

நான்காவது வேடிக்கை நம் நாட்டுப் பஸ்வண்டியோடு ஒப்பிடும்போது தோன்றுவது. நம் பஸ்வண்டிகளிலே கதவுக்கு அண்மையிலுள்ள ஆசனங்கள் மதகுருமாருக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும், உடல் இயலாதோருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இயலாதவர் எளிதில் ஏறி இறங்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஆகாயவிமானத்திலோ, அவசரவாயிலுக்கு அண்மையிலிருந்து முதலில் விலக்கப்படுபவர் கர்ப்பிணியும் இயலாதவருமேயாவர். மேலோட்டமாக நோக்கின் இஃது இரக்கமற்ற செயலாகத் தோன்றும். பஸ்வண்டியின் கதவு ஒருவர் இறங்குவதற்கானது. விமானத்தின் அவசரவாயிலோ ஒருவர் திறக்கப் பலர் தப்புவதற்கானது. முன்னையதில் ஆசனம் சலுகை. பின்னையதில் ஆசனம் கடமை. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் இரு விதிகளுமே இரக்கத்தின்பாற்பட்டவை என்பது விளங்கும்.

இவ்வேறுபாட்டை உணராமையால் நம் குடும்பங்களில் நிகழக்கூடிய ஒரு காட்சியைக் கற்பனைசெய்து பார்ப்போம். கனடாவிலுள்ள மகன், முழங்கால் நோவுடைய தன் தாயார் கால் நீட்டி அமரவேண்டுமென்று அன்போடு எண்ணி, மேலதிகப் பணம் செலுத்தி அவசரவாயில் ஆசனத்தைப் பதிவுசெய்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். தாயார் வந்து அமர்கின்றார். பணிப்பெண் குனிந்து ஆங்கிலத்தில், ஆபத்து நேர்ந்தால் உதவுவீர்களா என வினாவுகின்றாள். தாயார் முகமலர்ந்து, “ஓம் பிள்ளை, நல்ல வசதியாக இருக்கு, நீர் போய் உம்முடைய அலுவலைப் பாரும்” என்கின்றார். சற்று நேரத்தில் அவ்வம்மையார் வேறோர் ஆசனத்துக்கு மாற்றப்படுகின்றார். தமக்கு அவமதிப்பு நேர்ந்ததென்று தாயார் வருந்துகின்றார்; பணம் வீணாயிற்றென்று மகன் சினக்கின்றான். உண்மையில் எவரும் எவரையும் அவமதித்திலர். முழங்கால் நோவுடையார்க்கு வேண்டியது கால்நீட்டும் ஆசனம். அவ்விடத்துக்கு வேண்டியதோ கதவு தூக்கும் கைகள். நடைவழிப் பக்கத்து ஆசனமும், முன்னரே கேட்டுப் பெறும் சக்கரநாற்காலி உதவியுமே முதியோர்க்கு உகந்தவை.

இவ்விதியில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கடமையை ஏற்க விரும்பாத பிரயாணி வேறு ஆசனம் கேட்கலாம். அவர் ஏன் விரும்பவில்லை என்ற காரணத்தைக் கூறுமாறு நிறுவனத்தினர் வற்புறுத்தலாகாது. வெளியில் தோன்றாத நோயுடையவரும், அச்சமுடையவரும், வெறுமனே மனமில்லாதவரும் ஒரே சொல்லால் எழுந்து செல்லலாம். காரணங் கேளாத விதி உலகில் அரிது. மனிதரின் நாணத்தை அறிந்து, அந்நாணத்தால் ஓருயிரும் போகலாகாது என்று எழுதப்பட்ட வரி அது.

இத்துணை நுணுக்கமாக விதி செய்தது எதனால்? இவ்விடத்திலே சிரிப்பை நிறுத்துதல் வேண்டும்.

1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், 131 பிரயாணிகளும் 6 பணியாளரும் ஏறிய போயிங் 737 விமானம் ஒன்று ஓடுபாதையில் விரைந்துகொண்டிருக்கையில் இடப்புற இயந்திரம் உடைந்து எரிபொருள் தீப்பற்றியது. விமானம் வானில் எழவேயில்லை, தரையிலேயே நிறுத்தப்பட்டது. இருந்தும் 55 உயிர்கள் போயின. அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, நச்சுப்புகையே. வலப்புற இறக்கைமேல் வாயிலருகே அமர்ந்திருந்த பெண்மணி, கதவின் பிடி என்று எண்ணித் தம் ஆசனத்தின் கைப்பிடியை இழுத்தார். பக்கத்திலிருந்தவர் எட்டிச் சரியான பிடியை இழுத்ததும், ஏறத்தாழ 22 கிலோ எடையுள்ள கதவு உட்புறமாக விழுந்து அவரை ஆசனத்தோடு அழுத்திற்று. பின்வரிசையிலிருந்த ஒருவர் உதவ, கதவு அகற்றப்பட்டு வழி திறந்தபோது, விமானம் நின்று ஏறத்தாழ 45 விநாடிகள் கழிந்துவிட்டன.

அப்பெண்மணியைக் குறைகூறுதல் நியாயமன்று. எந்தப் பிடியை இழுப்பது, கதவு எப்பக்கம் விழும், எத்துணைப் பாரமுடையது என்று அமைதியான வேளையில் அறிந்திராத எவரும் அவ்வாறே செய்திருப்பர். விசாரணையாளர் அவ்வாயிலுக்குச் செல்லும் இடைவெளியின் ஒடுக்கத்தையும் ஆராய்ந்தனர். 1986ஆம் ஆண்டில் பிரித்தானிய அதிகாரிகள் அவசரவாயிலுக்குச் செல்லும் வழியை அகலமாக்குமாறு பணித்தனர். எனவே, நாம் பணங் கொடுத்துக் கால் நீட்டும் அவ்விடம் கால் நீட்டுவதற்காக விடப்பட்டதன்று. புகைக்குள்ளே தடுமாறி வருவோர் நுழைந்து செல்வதற்காக விடப்பட்ட வழி அது.

விமானம் செய்வோர் ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் ஒரு சோதனையில் தேறவேண்டும். வாயில்களிற் பாதியை மாத்திரம் பயன்படுத்தி, நிறைந்த விமானத்திலுள்ள அனைவரும் 90 விநாடிகளில் வெளியேறல் வேண்டும். 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹம்பேர்க் நகரில் எயர்பஸ் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 விநாடிகளில் வெளியேறினர். ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் தம் பெட்டிகளை எடுக்க முயல்வதில்லை. உண்மை ஆபத்திலோ பலர் முதலில் தேடுவது தலைக்கு மேலுள்ள பெட்டியையே. 2024ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தோக்கியோ நகரின் ஹனேடா விமானநிலையத்தில், தரையிறங்கிய யப்பானிய விமானம் ஒன்று ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. காவற்படை விமானத்திலிருந்த ஐவர் மாண்டனர். ஆயினும் பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிர்தப்பினர். எட்டு வாயில்களுள் மூன்றே பயன்பட்டன. பணியாளரின் சொற்கேட்டுப் பிரயாணிகள் தம் பொதிகளை விட்டு இறங்கினமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கூறப்பட்டது.

வன்னி மக்களுக்கு இவ்விடத்தில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. 2008ஆம் ஆண்டில் அக்கராயன் மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியும் பிறப்பத்தாட்சியும் வைத்த பையை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தனர். அப்பையைத் தவறவிட்டவர்கள் பின்னர் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிய துன்பம் சிறிதன்று. பையை விடாதே என்பது அவர்களுக்கு அநுபவம் கற்பித்த பாடம். பையை விட்டுவிடு என்பதே விமானம் கற்பிக்கும் பாடம். இரண்டும் மெய்யே. ஒன்றையொன்று வெல்லாதவாறு செய்யும் வழி எளிது: கடவுச்சீட்டையும் இன்றியமையாத பத்திரத்தையும் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சட்டைப்பையிலோ உடலோடு ஒட்டிய சிறு உறையிலோ வைத்துக்கொள்க. கைகள் வெறுமையாக இருக்கட்டும்.

திறக்க அறியாமை ஒருபுறமிருக்க, திறக்கலாகாத வேளையில் திறப்பதும் உண்டு. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் புறப்படவிருந்த ஏ.ரி.ஆர். விமானத்தில், இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் கைபட்டு அவசரவாயில் திறந்துகொண்டது. விமானம் தரையில் நின்றமையால் தீங்கு நேரவில்லை. அவர் வருத்தந் தெரிவித்தார். கதவு மீண்டும் பொருத்தப்பட்டு, காற்றழுத்தச் சோதனையும் செய்த பின்னரே விமானம் புறப்பட்டது. சட்டமியற்றும் சபையில் அமர்பவரும் கதவருகே அமர்கையில் சட்டத்தை வாசித்தல் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

வானிற் பறக்கையில் எவரேனும் கதவைத் திறந்துவிட்டால் என்னாகும் என்று அஞ்சுவோர் உளர். உயரத்தில் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் வெளியழுத்தத்திலும் மிகுதி. தாரை விமானங்களில் அவ்வேறுபாடு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 8 இறாத்தல். இறக்கைமேல் வாயில் 20 அங்குல அகலமும் 36 அங்குல உயரமும் உடையதெனக் கொண்டால் அதன் பரப்பு 720 சதுர அங்குலம். பெருக்கிப் பார்க்கின் 5,760 இறாத்தல், அஃதாவது ஏறத்தாழ 2,600 கிலோ. ஐம்பது கிலோ நெல்மூடைகள் ஐம்பத்திரண்டை ஒரே முறையில் இழுக்க வல்லவனே, உட்புறமாக இழுத்துத் திறக்கும் கதவை அவ்வுயரத்தில் அசைக்க முடியும். ஆயினும் நிலத்தை அணுகுகையில் இவ்வேறுபாடு குறைந்துவிடுகின்றது. 2023ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் தென்கொரியாவில் டேகு நகரை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்த விமானத்தின் கதவை, நிலத்திலிருந்து இருநூறு மீற்றர் அளவான உயரத்தில், பக்கத்திலிருந்த பிரயாணி திறந்துவிட்டான். விரைவில் இறங்க விரும்பியதாக அவன் கூறினானாம். விமானம் திறந்த கதவோடு தரையிறங்கியது. சிலருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டதாயினும் உயிர்கள் தப்பின. பஸ்வண்டி நிற்கும் முன்னரே மிதிபலகைக்கு வந்துவிடும் நம்மவர் இதனைக் கவனிப்பாராக.

விதியின் மிகக் கடினமான பகுதி இதுவே. வாயிலைத் திறப்பதால் ஆபத்து கூடுமா குறையுமா என்பதை அங்கு அமர்ந்திருப்பவர் மதிப்பிடல் வேண்டும். வெளியே நெருப்பு இருப்பின் திறக்கலாகாது. யன்னல் வழியே முதலிற் பார்த்தல் வேண்டும். வன்னி உழவருக்கு இது விளங்காத பொருளன்று. குளத்துத் துருசைத் திறக்க வல்லவன் எவனும் திறக்கத் தகுந்தவன் ஆகான். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, கீழே எவர் வயல் உள்ளது என்பதை அறிந்தவனிடமே அப்பொறுப்பு ஒப்படைக்கப்படும். காலபோகத்து மழையில் குளம் நிறைந்து நிற்கும் இரவிலே, அக்கட்டின் கீழ் உறங்கும் ஊர் முழுவதும் அவனுடைய அறிவை நம்பியே உறங்குகின்றது. அவசரவாயில் அருகே அமர்பவரின் நிலையும் அதுவே. அவருக்குப் பின்னால் நூறு பேர் உறங்குகின்றனர்.

ஆகவே அவ்வாசனம் கிடைத்த அன்பர் செய்யவேண்டியன சிலவே. அட்டையை ஒருமுறை முற்றாக வாசிக்க. கைப்பிடி எங்குள்ளது, கதவு உள்ளே வருமா வெளியே செல்லுமா என்று காண்க. தம் பையைக் காலடியில் வைக்காது பணியாளர் காட்டும் இடத்தில் வைக்க. விமானம் ஏறும் வேளையிலும் இறங்கும் வேளையிலும் விழித்திருக்க. இயலாது என்று தோன்றின், நாணமின்றி எழுந்து வேறு ஆசனம் கேட்க. காரணம் கேட்பார் இலர். ஏனைய ஆசனங்களில் இருப்போர் தமக்கு முன்னும் பின்னும் எத்தனை வரிசை கடந்தால் வாயில் வரும் என்று எண்ணி வைத்துக்கொள்க. புகைமூட்டத்தில் கண் உதவாது. எண்ணிய எண்ணிக்கை உதவும்.

ஒரு கல்லூரி தன் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் பாடங்கள் பல புகட்டுகின்றது. அவற்றுட் பெரும்பாலன தேர்வு மண்டபத்தில் ஒருநாளும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படும் நாள் என்றோ எங்கோ முன்னறிவிப்பின்றி வருகின்றது. அவசரவாயில் அட்டையும் அத்தகைய பாடமே. அதனை வாசித்தவர்களிற் பல்லாயிரவர்க்கு அது வாழ்நாள் முழுவதும் பயன்படாது. பயன்படாமையே நாம் வேண்டுவதும். எனினும் அந்நாள் எவருக்கேனும் வருமாயின், அப்போது கதவருகே இருப்பவர் எம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவராக இருந்து, சரியான பிடியை முதன்முறையிலேயே இழுப்பாராக.